கந்தைக்கு என்ன விலை?

முப்பத்தெட்டு ஆண்டுகள் ரயில்வேயில் பாலம், தண்டவாளம், ஜல்லி, சிமெண்ட் என்று காலம் தள்ளியவனுக்கு ஊசி நூலைப் பற்றி எழுத என்ன தகுதி என்று நம் சங்க அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எனக்குச் சட்டைப் பொத்தான் தைக்கத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. ஆனால் நான் எழுத வந்தது தையலுக்கு நாம் கொடுக்கும் விலையைப் பற்றி. ஒரு வேலையை அளப்பது, அதற்கு எத்தனை ஆள், எத்தனை நாள் என்று கணக்கிடுவது, அதன்படி பில் போடுவது ஆகிய இவைதாம் டிப்ளமா படித்து ஐ.ஓ.டபிள்யூ.வாகச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை என் பிழைப்பு. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

ஆண்டுதோறும் பொங்கல் விழாவில் நம் மகளிர் பிரிவு ஒரு கைவேலைக் கடை போடுகிறது. அப்பளம், வடகம், துணிப்பை, பூத்தையல் போட்ட தலையணை உறை ஆகியவற்றோடு சில ஆண்டுகளாகக் காந்தாவும் அங்கே விற்பனைக்கு வருகிறது. வங்காளிச் சகோதரிகள் தைத்ததும் உண்டு. அவர்களிடம் கற்றுக்கொண்டு நம் பெண்கள் தைத்ததும் உண்டு. மேடையில் பேசுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கலையை வாழ வைக்க வேண்டும் என்கிறார்கள். மேடையிலிருந்து இறங்கிக் கடைக்கு வந்ததும், "இதுக்கா ஆயிரத்து எண்ணூறு? ஆயிரத்துக்குக் குடும்மா" என்கிறார்கள். இந்த இரண்டு பேச்சும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்பதே என் கட்சி. காந்தா வாழ வேண்டுமானால் முதலில் அதை மணிக்கணக்கில் அளந்து விலை போட வேண்டும். அப்படிப் போட்ட விலையில் பேரம் பேசக் கூடாது.

கந்தையும் காந்தாவும்

நம்மில் பலர் இந்த ஊருக்கு வந்து இரண்டு, மூன்று தலைமுறை ஆகிவிட்டது. லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் வாழைப்பூவும் வாங்கிக்கொண்டு, வீட்டில் தமிழும் வீதியில் வங்காளியுமாக வாழ்கிறோம். ஆனால் பக்கத்து வீட்டு அம்மாள் மத்தியான நேரத்தில் மடியில் போட்டுத் தைக்கும் காந்தாவை எத்தனை பேர் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறோம்?

பழைய பருத்திப் புடவைகளும் வேட்டிகளும்தான் மூலப்பொருள். துவைத்துத் துவைத்துப் பஞ்சாக மிருதுவானவை. அவற்றைச் சில அடுக்குகளாக ஒன்றன்மேல் ஒன்று விரித்து, சுருக்கம் இல்லாமல் இழுத்து, ஓரங்களைப் பெரிய தையலாக ஓட்டிப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு, பள்ளிக்கூடத் தையல் வகுப்பில் முதல் நாள் சொல்லிக் கொடுப்பார்களே, ரன்னிங் ஸ்டிச், நம் பாட்டிமார் நூலோட்டம் என்றார்களே, பெரும்பாலும் அந்த ஒரே தையல்தான். ஊசி மேல் அடுக்கிலிருந்து கீழ் அடுக்கு வரை போய்ப் போய் வரும். நடுவில் ஒரு தாமரை. நாலு மூலையிலும் மாங்காய் வடிவமோ மரமோ. இடையில் யானை, குதிரை, மீன், பல்லக்கு. அந்தக் காலத்தில் வண்ண நூலைக்கூடப் புடவைக் கரையிலிருந்தே உருவிக்கொண்டார்கள். உருவங்களுக்கு நடுவே இருக்கும் வெற்றுப் பரப்பையும் வெள்ளை நூலால் நெருக்கமாக ஓட்டி நிரப்புவார்கள். அப்போது துணி, குளத்தில் காற்று பட்டது போலச் சிற்றலையாகச் சுருங்கும். அந்தச் சிற்றலையைப் பார்த்துத்தான் நல்ல காந்தாவை அடையாளம் காண வேண்டும்.

கட்டுமானக்காரன் கண்ணுக்கு இதில் இன்னொன்றும் தெரிகிறது. தனித்தனியாக எடுத்தால் விரல் பட்டாலே கிழியக்கூடிய நைந்த துணிகள், ஆயிரக்கணக்கான தையல்களால் பிணைக்கப்பட்டு ஒரே உடம்பாகி, இன்னும் பல ஆண்டுகள் உழைக்கின்றன. கழித்துக் கட்டிய சாமானைக் கொண்டு புதுப் பாலம் போட்டது போல!

சொல்லும் நமக்கு அந்நியம் அல்ல. வடமொழியில் கந்தா என்றால் ஒட்டுப்போட்ட துணி. அதுதான் தமிழில் கந்தை. கசக்கிக் கட்டச் சொன்னார்களே, அதே கந்தை. நாம் கசக்கிக் கட்டினோம். வங்காளப் பெண்கள் கசக்கித் தைத்தார்கள்.

விற்காத பொருள் விலைக்கு வந்த கதை

இதை அந்தக் காலத்தில் யாரும் விலைக்குத் தைக்கவில்லை. பிறக்கப் போகும் குழந்தைக்கு, வீட்டுக்கு வரும் மாப்பிள்ளைக்கு, குளிர்காலத்தில் போர்த்திக்கொள்ள, கண்ணாடி சீப்பைச் சுற்றி வைக்க என்று வீட்டுக்காகவே தைத்தார்கள். ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த குருசதய் தத் (1882 – 1941) கிராமம் கிராமமாகச் சென்று சேர்த்த காந்தாக்கள், ஜோக்காவில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் மிகவும் புகழ் பெற்றது மானதாசுந்தரி என்ற பெண்மணி 19ஆம் நூற்றாண்டில் தன் தந்தைக்காகத் தைத்தது. தன் பெயரையும், யாருக்காகத் தைத்தார் என்பதையும் துணியிலேயே எழுத்தாகத் தைத்து வைத்திருக்கிறார். அவர் காலத்தில் எத்தனையோ பெரிய மனிதர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயர் போய்விட்டது. ஊசி பிடித்த ஒரு பெண்ணின் பெயர் நிற்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

1980களிலிருந்து நகரத்துப் பெண்மணிகள் சிலருடைய முயற்சியால் காந்தா வீட்டை விட்டுக் கடைக்கு வந்தது. பழைய புடவை அடுக்கு போய், புது டசர் பட்டிலும் புதுப் பருத்தியிலும் ஒற்றைத் துணியில் காந்தாத் தையல் ஏறியது. புடவை, துப்பட்டா, குர்தா என்று வகைகள் பெருகின. 2008இல் மேற்கு வங்கத்தின் நக்ஷி காந்தாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023இல் பிரீதிகணா கோஸ்வாமிக்கும், 2024இல் பீர்பூம் மாவட்டத்துத் தக்தீரா பேகத்துக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆக, பெருமைக்குக் குறைவில்லை.

கூலியில்தான் குறை. நான் போல்பூர்ப் பக்கம் வேலை பார்த்த ஆண்டுகளில் நானூர் வரை உள்ள கிராமங்களில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஏஜெண்டு ஒருவர் சைக்கிளில் மூட்டையோடு வருவார். படம் அச்சிட்ட துணியும் நூலும் கொடுப்பார். "புடவைக்கு இவ்வளவு" என்று மொத்தமாக ஒரு தொகை சொல்வார். எத்தனை நாள் ஆகும் என்று அவரும் கேட்க மாட்டார். தைக்கிறவரும் சொல்ல மாட்டார். முடித்துக் கொடுத்தால், "அடுத்த தடவை வரும்போது பணம்" என்பார். ரயில்வேயில் மண் வெட்டுகிறவருக்குக்கூடக் குழியை அளந்து, மெஷர்மெண்ட் புக்கில் பதிந்து, கையெழுத்து வாங்கித்தான் கூலி. இங்கே அளவும் இல்லை, புத்தகமும் இல்லை.

ஓர் அமெரிக்கக் கதை

துணித் துண்டில் பிறந்த கலையில் தப்பான அளவுகோலோடு பணம் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1876இல் பிலடெல்பியா நகரில் அமெரிக்கச் சுதந்திரத்தின் நூறாவது ஆண்டுப் பொருட்காட்சி நடந்தது. அங்கே ஜப்பான் நாட்டுப் பொருட்களைப் பார்த்த மக்கள், ஒழுங்கில்லாத கோடுகளும் கோணல் அமைப்பும்கூட அழகுதான் என்று வியந்தார்கள். அதைத் தொடர்ந்து 1880களில் கிரேஸி குயில்ட் என்ற ஒட்டுத்தையல் விரிப்பு பெரும் மோகமாகப் பரவியது. சதுரம், முக்கோணம் என்ற கணக்கே இல்லாமல், கிடைத்த வடிவத்தில் பட்டு, வெல்வெட் துண்டுகளை ஓர் அடித்துணியின் மேல் பொருத்தி, ஒவ்வொரு சேர்க்கையின் மேலும் ஃபெதர் ஸ்டிச், ஹெர்ரிங்போன் என்று பூத்தையல் போட்டு மூடுவார்கள். பெயரின் முதலெழுத்து, ஆண்டு, பூ, விசிறி, சிலந்தி வலை எல்லாம் அதில் இடம் பெறும். போர்த்திக்கொள்வதைவிட முன்னறையில் விரித்து வைத்து வந்தவர்களுக்குக் காட்டவே அது பயன்பட்டது.

முதலில் வீட்டில் மீந்த துண்டுகள்தான். மோகம் ஏற ஏற வீட்டுத் துண்டு போதவில்லை. பட்டு ஆலைகள் வெட்டுத் துண்டுகளைப் பொட்டலம் கட்டித் தபாலில் விற்க ஆரம்பித்தன. பத்திரிகைகளில் விளம்பரம் வந்தது. மிச்சத்தைப் பயன்படுத்தப் பிறந்த கலைக்கு மிச்சத்தையே காசு கொடுத்து வாங்கும்படி ஆயிற்று.

இதைவிட முக்கியமானது அடுத்த விஷயம். பட்டு நூலை வேக வைத்து அதன் பசையை நீக்கும்போது எடையில் சுமார் கால் பங்கு போய்விடும். பட்டு எடைக்கு விற்கும் சரக்கு ஆயிற்றே! குறைந்த எடையை ஈடுகட்டச் சாயமிடும்போது இரும்பு உப்பு, வெள்ளீய உப்பு முதலியவற்றை ஏற்றினார்கள். பட்டுப் புடவையைக் கையில் தூக்கிப் பார்த்து "நல்ல கனம்" என்று சந்தோஷப்படும் நம் வீட்டார்களுக்கு இந்தச் சூட்சுமம் எளிதில் விளங்கும். துணி கனமாக, மொடமொடவென்று இருந்தது, விலையும் கிடைத்தது. ஆனால் உலோக உப்பு ஏறிய பட்டு காலம் செல்லச் செல்ல முறுகி, கோடு கோடாக வெடித்து உதிர்ந்துவிடும். அந்தக் காலத்துக் கிரேஸி குயில்ட்டுகள் பலவற்றில் பூத்தையல் அப்படியே இருக்க, அதன் கீழே இருந்த பட்டு பொடிப்பொடியாகப் போயிருக்கிறது. எடைக்குப் பணம் கொடுத்தார்கள், எடை கிடைத்தது, துணி கிடைக்கவில்லை.

இதே பிலடெல்பியாவுக்கும் நம் காந்தாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் கலை வரலாறு கற்பித்து, 1939இலேயே காந்தாவைப் பற்றி விரிவாக எழுதிய ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார் சேர்த்து வைத்த காந்தாக்கள், அந்தப் பொருட்காட்சியின் வழியாகவே பிறந்த பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பெயர் தெரியாத வங்காளப் பெண்கள் பழம்புடவையில் தைத்தவை அவை. அந்தப் பழம்புடவைகளில் எடைக்காக யாரும் எதையும் ஏற்றவில்லை.

ரயில்வேயில் எங்களுக்கு மூத்தவர்கள் சொல்லிக் கொடுத்த பாடமும் இதுதான்: எதை அளந்து பணம் கொடுக்கிறாயோ அதைத்தான் கான்ட்ராக்டர் கொண்டு வருவார். ஜல்லியை வண்டியில் குவித்த அளவுக்குப் பணம் கொடுத்தால் காற்றையும் சேர்த்துக் குவிப்பார். அதனால்தான் குலுங்கி அடங்குவதற்கென்று கழிவு வைத்திருக்கிறோம். காந்தாவில் "ஒரு புடவைக்கு இவ்வளவு" என்றால் புடவைதான் வரும், தையல் வராது. வரிசைக்கும் வரிசைக்கும் நடுவில் இடைவெளி கூடும், தையல் நீளும், வெற்றுப் பரப்பு அப்படியே விடப்படும், சிற்றலை மறைந்துவிடும். இதற்குத் தைக்கிறவரைக் குறை சொல்வது நியாயமல்ல. அளவுகோல் நம்முடையது.

நாலங்குலக் கணக்கு

வாய்ச்சொல் போதாது, கணக்கைச் சொல்கிறேன். நம் சங்கக் கடைக்கு வந்த ஒரு குழந்தைக் காந்தாவை எடுத்துக்கொண்டேன். 36 அங்குல அகலம், 48 அங்குல நீளம். தைத்த அம்மையாரின் அனுமதியோடு பக்கத்தில் உட்கார்ந்து, நாலங்குலச் சதுரம் ஒன்றை அவர் தைத்து முடிக்கும் நேரத்தைக் கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தேன். "என்ன சார், என்ஜினுக்கு டைம் பார்க்கிற மாதிரி பார்க்கறீங்க?" என்று சிரித்தார். அங்குலத்துக்கு 4 வரிசை, வரிசையில் அங்குலத்துக்கு 6 தையல். ஒரு சதுரத்தில் 384 தையல். நிமிடத்துக்கு 20 தையல் வீதம் சுமார் 19 நிமிடம் ஆயிற்று.

அந்தக் காந்தாவில் அப்படிப்பட்ட சதுரங்கள் 108. மொத்தத் தையல் 41,472. நேரம் முப்பத்து நாலரை மணி. துணியை அடுக்கிப் பிடிக்கவும் ஓரம் மடித்து முடிக்கவும் இன்னும் நாலு மணி. ஆக, முப்பத்து எட்டரை மணி நேர வேலை. சமையல், தண்ணீர் பிடிப்பது, பிள்ளைகள் என்று எல்லாம் போகத் தினம் நாலு மணி நேரம் கிடைத்தால் சுமார் பத்து நாள்.

சீட்டில் எழுதியிருந்த விலை 1,800 ரூபாய். கடைக்குப் பத்து சதவிகிதம் 180. நூல், துணி, போக்குவரத்து 250. தைத்தவருக்கு மிஞ்சுவது 1,370. மணிக்கு 35 ரூபாய் சொச்சம். எட்டு மணி நேர நாளாகப் பார்த்தால் ஏறக்குறைய 285.

இனி நம் பேரத்துக்கு வருவோம். அந்தக் காந்தாவை நம் அன்பர் ஒருவர் 1,200க்குப் பேசி முடித்தார். மூன்றில் ஒரு பங்குதானே குறைந்தது என்று தோன்றும். அப்படியல்ல. நூலும் துணியும் குறையவில்லை; அந்த 250 அப்படியே இருக்கிறது. கடைக்கு 120 போக மிஞ்சுவது 830. அதாவது விலையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் கூலியில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடுகிறது. மணிக்கு 21 ரூபாய் சொச்சம், நாளுக்கு 172. இந்தக் கொல்கத்தாவில் அந்தக் கூலிக்கு எந்தச் சித்தாளும் சட்டியைத் தொடமாட்டாள். பேரத்தில் குறையும் காசு ஏஜெண்டின் பையிலிருந்தோ நூல் கடைக்காரர் பையிலிருந்தோ வருவதில்லை. அது கடைசிக் கையிலிருந்துதான் வருகிறது.

கணவர் வேலை பார்த்த ஆலை மூடிய பிறகு காந்தா தைத்துக் குடும்பத்துக்கு உதவிய ஒரு தாயார் நம் சங்கத்துக் குடும்பங்களில் இருக்கிறார். அருமையான கை. இப்போது அவர் காந்தாவை விட்டுவிட்டுப் புடவைக்கு ஃபால்ஸ் வைத்துப் பீக்கோ அடிக்கிறார். ஏன் என்று என் மனைவி கேட்டதற்கு, "அக்கா, ஃபால்ஸ் வெச்சா சாயந்திரமே காசு வந்துடுது. காந்தாவிலே பத்து நாள் கண்ணைக் கெடுத்துக்கிட்டு, கடைசியிலே அவங்க சொல்றதுதான் விலை" என்றாராம். ஒரு கலை எப்படி அழிகிறது என்பதற்கு ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. இப்படித்தான் அழிகிறது.

மறுப்புகளும் விடைகளும்

இதைப் பேச்சுவாக்கில் சொன்னபோது நண்பர்கள் சில மறுப்புகளைச் சொன்னார்கள். அவற்றையும் எழுதிவிடுகிறேன்.

"காந்தா அன்பால் தைப்பது, அதில் மணிக்கணக்கு பார்த்தால் கலை போய்விடும்" என்றார் ஒரு பெரியவர். மானதாசுந்தரி தன் தந்தைக்குத் தைத்தார். அங்கே கூலிப் பேச்சு எழவே இடமில்லை. ஆனால் எனக்கு மகளாக இல்லாத ஒருவர் என் வீட்டு சோபாவுக்குத் தைக்கும்போது அதை அன்பு என்று நான் சொல்லிக்கொள்வது எனக்கு வசதியான பேச்சே தவிர வேறில்லை.

"ஓய்வு நேரத்தில்தானே தைக்கிறார்கள்?" என்றார் இன்னொருவர். மழைக்கால இரவில் லாந்தரோடு தண்டவாளத்தில் ரோந்து போகும் பேட்ரோல்மேனிடம், "எப்படியும் விழித்துத்தானே இருப்பாய்" என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைத்ததுண்டா? வீட்டுப் பெண்ணின் நேரம் என்றால் மட்டும் அது இலவசம் என்று நாம் நினைப்பதுதான் இந்த நோயின் வேர்.

மூன்றாவது மறுப்பு வலுவானது. "நியாய விலை போட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். நடைபாதையில் காந்தா மாதிரியே அச்சடித்த துணி மலிவாகக் கிடைக்கிறது. உள்ள விற்பனையும் போய்விடும்" என்றார் மகளிர் பிரிவில் பொறுப்பு வகிக்கும் சகோதரி. உண்மைதான். மணிக்கு 50 ரூபாய் என்று கூலி வைத்தால் மேலே சொன்ன காந்தாவின் விலை 2,400 ஆகும். எல்லோராலும் வாங்க முடியாது. ஆனால் அதற்கு வழி பெரிய பொருளை அரைக் கூலிக்கு விற்பதல்ல. சிறிய பொருளை முழுக் கூலிக்கு விற்பது. ஒரு மூக்குக் கண்ணாடி உறைக்கு நாலு சதுரம் போதும். தைத்து மூட்ட மொத்தம் இரண்டு மணி. அதே கூலி, கொஞ்சம் துணி நூல், கடைப் பங்கு எல்லாம் சேர்ந்தும் 150 ரூபாய்க்குள் அடங்கும். நம்மில் மூக்குக் கண்ணாடி போடாதவர் யார்? பெரிய காந்தா சொல்லி வைத்துச் செய்வதாக இருக்கட்டும். பேத்தி பிறந்தால் சொல்லி வையுங்கள். தங்கக் காசு போடுகிற கையால் இதையும் கொடுக்கலாம்.

சங்கத்துக்கு என் யோசனைகள்

வரும் பொங்கல் விழாக் கடைக்குச் செயற்குழு பின்வருவனவற்றைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

ஒன்று: மாதிரிச் சதுரம். நாலங்குலச் சதுரம் மூன்றைத் தைத்து ஓர் அட்டையில் பொருத்தி வைக்கலாம். நெருக்கமான தையல், நடுத்தரம், கலைவு என்று மூன்று தரம். ஒவ்வொன்றுக்கும் ஆகும் நிமிடத்தைத் தைக்கிறவர்களே கடிகாரம் பார்த்துச் சொல்லட்டும். மணிக்கு என்ன கூலி என்பதையும் அவர்களே கூடிப் பேசி முடிவு செய்யட்டும். பொருளின் அளவைச் சதுரத்தால் பெருக்கினால் கூலி வந்துவிடும். இதற்கு எஞ்சினியர் தேவையில்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்கு போதும்.

இரண்டு: பெயர்ச் சீட்டு. ஒவ்வொரு பொருளிலும் விலை மட்டும் தொங்காமல், தைத்தவர் விரும்பினால் அவர் பெயரும், எல்லாப் பொருளிலும் எத்தனை மணி நேர வேலை என்பதும் எழுதப்பட வேண்டும். மானதாசுந்தரி துணியிலேயே எழுதி வைத்தாரே, அதைத்தான் கேட்கிறேன். "38 மணி நேரம்" என்று எழுதியதைப் படித்த பிறகு பாதி விலைக்குக் கேட்க நம்மவர்களுக்கு நாக்கு எழாது என்பது என் நம்பிக்கை.

மூன்று: கையில் காசு. சொல்லி வைக்கும் பொருளுக்குப் பாதி முன்பணம். கொண்டு வந்து கொடுத்த அன்றே மீதி. விற்ற பிறகு பணம் என்ற வழக்கம் வேண்டாம். பொருள் தங்கிவிட்டால் அந்த நஷ்டத்தைச் சங்கம் தாங்கலாம். பத்து நாள் கூலியை இழக்க ஒரு குடும்பத்தால் முடியாது.

நான்கு: கலப்படம் வேண்டாம். மெஷின் தையலும் அச்சுத் துணியும் விற்பது பாவம் அல்ல. ஆனால் தனி மேஜையில், அதே பெயரோடு விற்க வேண்டும். அடையாளம் காண்பது எளிது. துணியைத் திருப்பிப் பாருங்கள். கையால் போட்ட நூலோட்டம் முன்னும் பின்னும் விட்டு விட்டு ஒரே மாதிரி தெரியும். அளவில் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். மெஷின் தையலில் இடைவெளி இல்லாமல் கோடு தொடர்ந்து போகும். அச்சில் பின்பக்கம் நூலே இருக்காது.

ஐந்து: பழம்புடவைப் பெட்டி. நம் வீட்டு பீரோக்களில் கட்டாத சுங்குடியும் செட்டிநாட்டுப் பருத்தியும் அம்மாவின் நினைவாக மடித்தபடி கிடக்கின்றன. கடைசியில் அவை எங்கே போகின்றன? வாசலில் கூடையோடு வரும் பாத்திரக்காரியிடம்! நாலு புடவைக்கு ஓர் எவர்சில்வர் டப்பா. அந்தக் கந்தைக்கு நாம் போட்ட விலை அவ்வளவுதான். அதற்குப் பதிலாகச் சங்கத்தில் ஒரு பெட்டி வைத்தால், துவைத்துக் கொண்டு வந்து போடலாம். தைக்கிறவர்களுக்குத் துணிச் செலவு மிச்சம். காந்தாவுக்குப் புதுத் துணியைவிடத் துவைத்துப் பழகிய துணிதான் ஊசிக்கு இணங்கும். உங்கள் தாயாரின் புடவையையே உங்கள் பேரனுக்குக் காந்தாவாகத் தைத்துத் தரவும் சொல்லலாம்.

இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை. ஓர் அட்டை, ஒரு பெட்டி, ஒரு கணக்கு நோட்டு. நோட்டைப் பராமரிக்க ஆள் வேண்டுமென்றால் நானே வருகிறேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வேறு டூட்டி கிடையாது.

நாம் வங்காளத்துச் சோறு உண்கிறோம். இங்கே சம்பாதித்தோம், பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். இந்த மண்ணின் பெண்களும் அவர்களிடம் கற்ற நம் பெண்களும் செய்யும் ஒரு நல்ல வேலைக்கு நேர்மையாக அளந்து கூலி கொடுப்பது அதற்கு நாம் செய்யக்கூடிய சிறு கைம்மாறு. என் கணக்கில் பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் அடுத்த இதழுக்கு எழுதுங்கள். பொங்கலுக்கு முன் செயற்குழு கூடும்போது இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உறுப்பினர்கள் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.